முகாம் வேண்டாம், பிள்ளைகள் எங்களோடு இருக்கட்டும்

சான்-தெனி, பாரிஸ் அருகே,
ஜூன் 2025

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். டொராண்டோவிலிருந்து வருகிற பிள்ளைகள் ஜூலை முழுக்க எங்களுடைய இந்த ஐந்தாம் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் அலுத்துப்போய்விடுவார்கள், ஏதாவது விடுமுறை முகாமில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். காசை வீணாக்காதே. அப்பா இப்போது ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். என் முழங்கால் வலியும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறோம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பாய், அதுவும் நல்லதுதான்.

போன கோடையில் நீங்கள் வராதது எனக்கு இன்னும் மனக்குறைதான். 2024 ஒலிம்பிக்ஸுக்காக உலகமே நம் ஊருக்கு வந்திருந்தது. வீரர்கள் தங்கிய கிராமம் இங்கே சான்-தெனியில்தான், சேன் நதிக்கரையில். ஸ்தாத் தெ பிரான்ஸ் அரங்கத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸ் இறுதியாட்டத்தில், ரக்பி நட்சத்திரம் துப்போன் ஆடி பிரான்ஸ் தங்கம் வென்ற அன்று எழுந்த கூச்சல், சன்னலைத் திறந்து வைத்திருந்த எங்களுக்கே கேட்டது. ஆனால் உள்ளே போய்ப் பார்க்கிற டிக்கெட் விலையெல்லாம் நமக்குக் கட்டாது. மெட்ரோ டிக்கெட்டையே 4 யூரோ ஆக்கியிருந்தார்கள். தொடக்க விழாவை நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். கொட்டுகிற மழையில் படகுகளில் நனைந்துகொண்டே கை அசைத்தவர்களைப் பார்த்து, "நல்லவேளை, நாம் போகவில்லை" என்று அப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

காசில்லாமல் பார்த்ததுதான் எங்களுக்கு நிறைவாக இருந்தது. ஆகஸ்ட் 3 அன்று ஆண்கள் சைக்கிள் பந்தயம், 273 கிலோமீட்டர். மோன்மார்த்ர் குன்றின் மேல் லெபிக் தெரு வழியாக மூன்று முறை ஏறினார்கள். எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு காலையிலேயே போய் வேலியோரம் இடம் பிடித்துவிட்டோம். பக்கத்தில் ஒரு பெல்ஜியம் குடும்பம், ஆளுக்கொரு கொடியோடு. அவர்கள் ஆள் ரெம்கோ எவெனெபுல் தனியாகப் பிரிந்து முன்னால் போய்விட்டார். கோட்டைத் தொட நாலு கிலோமீட்டர்கூட இல்லாதபோது டயர் பஞ்சர். அந்தக் குடும்பத்துப் பாட்டி போனைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு சைக்கிளில் ஏறி, அப்படியும் ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தி வந்து, ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார் அவர். பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். நானும் விடவில்லை, எலுமிச்சை சாதம் கொடுத்தேன்.

இந்த வருஷம் துர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயமும் அந்த லெபிக் தெருவுக்கே வருகிறது. ஐம்பது வருஷமாக ஷான்செலிசே சாலையில் சுற்றிச் சுற்றி முடிப்பார்களே, அதே கடைசி நாளில் இப்போது மோன்மார்த்ர் ஏற்றத்தையும் மூன்று முறை சேர்த்துவிட்டார்கள். ஒலிம்பிக்ஸ் கூட்டத்தைப் பார்த்துத்தான் அந்த ஆசை வந்ததாம். ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நிற்கப்போகிறோம். உன் வீட்டுக்காரர் ஆகஸ்டில்தான் லீவு என்று சொன்னாராமே, ஒரு வாரம் முன்னால் கிளம்பி வரச் சொல்.

பந்தயம் ஜூலை 5 அன்று லில் நகரில் தொடங்குகிறது. அன்றிலிருந்து நம் வீட்டிலும் தொடங்குகிறோம். தினமும் புள்ளி உண்டு. அந்தப் பந்தயத்தில் போலவே முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன். அப்பாவின் பழைய பனியனை மஞ்சள் சாயத்தில் முக்கி வைத்துவிட்டேன். அந்த மஞ்சள், 1919-இல் பந்தயத்தை நடத்திய செய்தித்தாள் மஞ்சள் காகிதத்தில் வந்ததால் வந்த நிறம் என்று சின்னவனிடம் சொல், அவனுக்கு இப்படிப்பட்ட கதைகள் பிடிக்கும். மலையேறுகிறவருக்கு வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட சட்டை இருக்கிறதல்லவா? அதற்கு லாசப்பல் தமிழ்க் கடையில் பெரிய அளவு ஒட்டுப்பொட்டு அட்டைகள் வாங்கி வந்திருக்கிறேன். வெள்ளைப் பனியனில் ஒட்டினால் அசல் அதேதான். எங்கள் லிஃப்ட் வாரத்துக்கு ஒரு முறை நின்றுபோகும் என்பது உனக்குத் தெரியும். நிற்கிற அன்று மார்க்கெட் பையை ஐந்தாம் மாடிவரை தூக்கிக்கொண்டு வருகிறவருக்குப் பொட்டுச் சட்டை. பிள்ளைகளை வேலை வாங்குகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம் பெத்தாங்க், இரும்புக் குண்டு எறிகிற ஆட்டம். உன் தாத்தாவின் இரும்புக் குண்டுகள் மூன்றும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. புதுச்சேரியில் அவர் பிரெஞ்சுப் படையில் இருந்ததற்கான சொல்தா பென்ஷன் வாங்கிக்கொண்டு, மாலையானால் கடற்கரைப் பக்கம் அதே பென்ஷன்காரர்களோடு குண்டு போட்டுக்கொண்டு நிற்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், "ஒரு ஆட்டம்தான்" என்பார். பிள்ளைகளுக்கு விதியை விமானத்திலேயே சொல்லிவிடு: தரையில் வட்டம் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்குப் பக்கத்தில் குண்டை விழவைக்க வேண்டும். எதிராளியின் குண்டு பக்கத்தில் கிடந்தால் அதை அடித்துத் தள்ளலாம். முதலில் 13 எடுப்பவர் ஜெயித்தார். தெற்கே லா சியோத்தாவில் 1907 வாக்கில் இந்த ஆட்டம் பிறந்த கதையையும் சொல். அதற்கு முன்பிருந்த ஆட்டத்தில் மூன்று எட்டு ஓடிவந்து எறிய வேண்டும். ழ்யூல் என்ற ஒருவருக்கு மூட்டுவாதம், ஓட முடியவில்லை. அவருக்காக நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று மாற்றினார்கள். என் முழங்காலுக்கு இதைவிட நல்ல ஆட்டம் உண்டா?

13-க்கு ஒன்றுகூட எடுக்காமல் தோற்றவர் ஃபனி என்ற பெண்ணின் பின்புறப் படத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம் இருப்பதை மட்டும் சொல்லிவிடாதே. சின்னவன் அதையே பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லுவான். நம் வீட்டில் அப்படித் தோற்றவர் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும், அவ்வளவுதான். 2024-இல் இந்த ஆட்டத்தையும் ஒலிம்பிக்ஸில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், சேர்க்கவில்லை. தெருவில் சுழன்று ஆடும் பிரேக்கிங் நடனத்தைச் சேர்த்தார்கள். அப்பாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

நீ பயப்படப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். சேன் நதி. 1923-இலிருந்து குளிக்கத் தடை இருந்த ஆறு. போன வருஷம் ஜூலையில் பாரிஸ் மேயர் அம்மா இறங்கி நீந்திக் காட்டினார். இந்த ஜூலை 5 முதல் பெர்சி, கிரெனெல், மரி என்று மூன்று இடங்களில் எல்லாரும் இறங்கலாம், இலவசம். அப்பா முதல் நாளே போவதாக இருக்கிறார். பிள்ளைகளை நான் விடமாட்டேன், கவலைப்படாதே. பாரிஸின் பழைய பாதாளச் சாக்கடையில் மழைத்தண்ணீரும் கழிவும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை பெய்தால் குழாய் தாங்காமல் எல்லாம் ஆற்றுக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்க ஓஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் 50,000 கன மீட்டர் பிடிக்கிற தொட்டி கட்டியிருக்கிறார்கள், இருபது ஒலிம்பிக் நீச்சல் குளத்துத் தண்ணீர் அதற்குள் அடங்கும். அப்படியும் போன வருஷம் மழைக்குப் பிறகு இந்த ஆற்றில் நீந்த வேண்டிய ஆண்கள் டிரையத்லான் போட்டியை ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அதனால் அப்பாவும் மழை பெய்த மறுநாள் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு லா வில்லெத் கால்வாயில் கோடைக்கு மட்டும் போடுகிற குளம் இருக்கிறது, சின்னவர்களுக்குத் தனித் தொட்டி. அங்கே சின்னவனிடம் நீச்சல் வீரர் லியோன் மர்ஷானைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். துலூஸ் பையன். ஒலிம்பிக்ஸில் ஒரே இரவில் பட்டர்ஃபிளையிலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் இரண்டு தங்கம். அடுக்குமாடி முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. கீழ்வீட்டுக்காரி, எப்போதும் சத்தம் போடாதே என்று கதவைத் தட்டுகிறவள், அன்று அவள்தான் எல்லாரையும்விட அதிகம் கத்தினாள்.

பெரியவள் பள்ளியில் பேட்மிண்டன் ஆடுகிறாள் என்றாயே. அவளை போர்த் தெ லா ஷப்பெல் அரங்கத்துக்கு வெளியே கூட்டிப்போய் நிறுத்தப்போகிறேன். லாசப்பல் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். போன செப்டம்பர் 2 அன்று, பாராலிம்பிக்ஸில், அந்த அரங்கத்துக்குள் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் ஒரே நாளில் பதக்கம் வாங்கினார்கள். காஞ்சிபுரம் துளசிமதி வெள்ளி, திருவள்ளூர் மனிஷா வெண்கலம், ஓசூர் நித்யஸ்ரீ வெண்கலம். பாராலிம்பிக்ஸ் டிக்கெட் 15 யூரோவிலிருந்தே கிடைத்தது, அதனால் நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தோம். பக்கத்து இருக்கைகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள், "பிள்ளை, விடாதை!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்து, ஒரு விளையாட்டு அரங்கத்தில் தமிழில் கத்த முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நானும் கத்தினேன். தொண்டை கட்டி, அப்பா போட்டுக் கொடுத்த மிளகுப் பாலோடு படுத்தேன்.

வெளியே நிறுத்திக் கதை சொன்னால் மட்டும் போதாது என்று உன் மகள் முகத்தைச் சுளிப்பாள், தெரியும். ரெண்டு ராக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். லா கூர்னேவ் பெரிய பூங்காவில் காற்றில்லாத காலை நேரமாகப் பார்த்து ஆடலாம். நம் வீட்டுப் பக்கத்திலேயே சிமெண்ட் பிங்பாங் மேசை இருக்கிறது. போன வருஷம் மூக்குக்கண்ணாடி போட்ட ஃபெலிக்ஸ் லெப்ரன், பதினேழு வயதில், மட்டையைப் பேனா மாதிரி பிடித்து ஆடி வெண்கலம் வாங்கியதிலிருந்து அந்த மேசைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பதக்கத்தை மறந்துவிட்டேனே. அசல் பதக்கங்களின் நடுவில் ஈஃபில் கோபுரத்திலிருந்து எடுத்த பழைய இரும்பு 18 கிராம் வைத்தார்கள். நமக்குக் கமம்பெர் பாலாடைக்கட்டி வருகிற வட்ட மரப்பெட்டியின் மூடி. ஓட்டை போட்டு ரிப்பன் கட்டினால் முடிந்தது. குளிர்காலம் முழுக்க அப்பா சேர்த்து வைத்திருக்கிறார். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதற்கு இதுதான் அவர் சாக்கு. ஒலிம்பிக்ஸ் மேடையில் முதலில் பிரெஞ்சில் அறிவிப்பார்கள், அப்புறம்தான் ஆங்கிலம். கூபெர்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1894-இல் ஒலிம்பிக்ஸ் கமிட்டியை பாரிஸில் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற மரியாதை அது. நம் வீட்டில் பிரெஞ்சு, தமிழ், அப்புறம் ஆங்கிலம். அறிவிப்பாளர் சின்னவன்தான். அவன் தமிழில் நாலு வாக்கியம் சத்தமாகப் பேசுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

14 ஜூலை, பிரெஞ்சுத் தேசிய நாள் இரவு வாணவேடிக்கைக்கு மொட்டைமாடிச் சாவியைக் கேட்டு வைத்திருக்கிறேன், கூட்டத்தில் போய் நசுங்க வேண்டாம். துய்லெரி தோட்டத்தில் அந்த ஒலிம்பிக்ஸ் தீபமும் ஜூன் 21-இலிருந்து திரும்ப வருகிறது, பலூனில் கட்டி ராத்திரி மேலே ஏற்றுவார்கள். நெருப்பே இல்லை, வெறும் தண்ணீர்ப்புகையும் விளக்கும்தான். பொழுது சாயவே பத்து மணி ஆகும், அன்று மட்டும் பிள்ளைகள் லேட்டாகத் தூங்கட்டும்.

நீ செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். இருவரின் ஷூ அளவையும் இந்த வாரமே அனுப்பு, சின்னவனுக்கு லேசான பெத்தாங்க் குண்டு வாங்கப் போகிற கடை அப்படியே ஷூவும் விற்கிறது. மழைக்கோட்டு மறக்காதே. நீச்சல் கண்ணாடி அங்கேயே வாங்கிவிடு, இங்கே விலை அதிகம். பெரியவள் பச்சைமிளகாய் சாப்பிடுகிறாளா இப்போது? பகெத் ரொட்டிக்குள் மீன் வறுவல் வைத்துக் கட்டுவதாக இருக்கிறேன். அடுத்த வருஷம் உங்கள் டொராண்டோவுக்கே கால்பந்து உலகக் கோப்பை ஆட்டங்கள் வருகின்றனவாம். அதற்கு அப்பா இப்போதே சூட்கேஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வரலாமா வேண்டாமா என்று அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா