கிணற்றடி வயல் பற்றி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அழைத்து நான்கு ஞாயிறு ஆகிறது. வேலை மிகுதியாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். வீடு வாங்கப்போவதாகச் சின்னவன் சொன்னான். எந்தத் தாளையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

நீ வாங்கித் தந்த டேப்லெட்டில் பழைய கௌபாய் படங்கள் பார்க்கிறேன். நேற்று ‘வெஸ்ட் ஆஃப் தி டிவைட்’. 1934இல் வந்தது. ஜான் வெய்னுக்கு அப்போது 26 வயது. ‘ஸ்டேஜ்கோச்’ வந்து பெரிய நடிகராக இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. கையில் காசில்லாமல் எடுத்தது பார்த்தாலே தெரிகிறது. குதிரைகளை ஓடவிட்டே பாதிப் படத்தை ஒப்பேற்றிவிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

தகப்பனைக் கொன்றவனைத் தேடி வருகிறவன், வழியில் செத்துப்போன ஒரு கொள்ளைக்காரனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு ஜென்ட்ரி என்பவனின் கூட்டத்தில் சேருகிறான். ஜென்ட்ரிக்கு அடுத்தவர் பண்ணைமேல் கண். பெயரைச் சொன்னதும் நம்பிவிடுகிறான். முகத்தை யார் பார்க்கிறார்கள்? காணாமல் போன தம்பியும் அங்கேதான் ஸ்பட் என்ற பெயரில் திரிகிறான். அண்ணனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தூக்கம் வரவில்லை.

உன்னைப்போல் படித்தவன் நம் வகையறாவில் இல்லை. அது எனக்குப் பெருமைதான். ஆனால் பொங்கலன்று சித்தப்பா வீட்டுக்குப் போய்வந்து சாப்பிடாமல் படுத்தாயே, அது சரியில்லை. அம்மா அழுதாள். பட்டாவைக் காட்டுங்கள் என்று கேட்டாய். பீரோச் சாவி தொலைந்துவிட்டது என்றேன். சாவி என் அரைஞாணில்தான் இருந்தது.

யு.டி.ஆர். காலத்தில், 1979க்கும் 1987க்கும் நடுவில், ஊர் ஊராகப் பட்டா மாற்றி எழுதினார்களே, அப்போது நேர்ந்தது. எனக்கும் சித்தப்பாவுக்கும் முன்னெழுத்து ஒன்று, பெயரில் பாதியும் ஒன்று. கிணற்றடி வயலில் அவன் பங்கு 40 சென்ட்டையும் என் பெயரில் ஏற்றிவிட்டார்கள். எழுதியவர் கண்ணில் நாங்கள் இருவரும் ஒரே ஆள். நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். திருத்தச் சொல்லி ஒரு மனு கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. பிறகு அவன் கேட்டபோது, தாள் என்ன சொல்கிறதோ அதுதான் என்றேன். அந்த 40 சென்ட்டில் விளைந்ததும் உன் கல்லூரிக் கட்டணத்தில் இருக்கிறது.

நீ எங்கே கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடு. சளிக்குத் துளசி அனுப்பியிருக்கிறாள் அம்மா.

பட்டா நகல் இத்துடன் இருக்கிறது. மை மங்கியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார். மனுவும் எழுதிவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. சித்தப்பா வீட்டுக்கு நான் தனியாகப் போக மாட்டேன், நீ வா. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
அப்பா