செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். போன வாரம் வீடியோ காலில் என் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்க, யாரை வேணும்னாலும் உள்ளே விடுறியா?" என்று சத்தம் போட்டாய். அவர்களை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ பயந்ததில் தப்பில்லை. தனியாக இருக்கும் கிழவி வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளை கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் உனக்கு முன்பே அவர்கள் கேட்டுக்கொண்டுவிட்டார்கள்.

இது நம் பங்குக் கோயிலில் ஆரம்பித்த குழு. தனியாக இருக்கிற வயதானவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். நர்ஸும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. மாத முதல் வெள்ளிக்குக் கோயிலிலிருந்து நற்கருணை அப்பம் கொண்டுவருகிறவர்கள் வேறு. முதலில் நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். அப்புறம் ஒருநாள் பங்குச் சாமியாரும், நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவியும் இந்த இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், இன்னொருத்தி கல்லூரி முடித்த சின்னப் பெண். "இப்பவே பதில் சொல்ல வேணாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு பிடிக்கலைன்னாலும் ஒரு போன் போதும், காரணம் சொல்ல வேணாம்" என்றார் சாமியார். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடித்தது.

எப்போதும் இருவராகத்தான் வருவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு மற்றவரும் வரமாட்டார். இது நம்மூர்ப் புதுப்பழக்கம் என்று நினைக்காதே. நீ இருக்கிற பாரிஸில்தான் 1833இல் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சபையை ஆரம்பித்தார். அந்தச் சபைக்காரர்கள் ஏழைகள் வீட்டுக்கு இருவர் இருவராகத்தான் போவார்கள். நம் கோயில்களில் இருக்கிற மரியாயின் சேனை என்ற பக்த சபையிலும் அப்படித்தான். ஆண்டவரும் சீடர்களை அப்படித்தானே அனுப்பினார்!

இந்த 'இருவர்' எதற்கு என்று எனக்கு நன்றாகப் புரிந்தது அடுத்த தெரு டீச்சரம்மா விஷயத்தில்தான். அவர்களுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. ஒருநாள் கல்லு மோதிரத்தைக் காணோம், குழுவிலிருந்து வந்த பெண்தான் எடுத்துவிட்டாள் என்று அழுதார்கள். மகள் சென்னையிலிருந்து வந்து கோயில் வாசலிலேயே நின்று கத்தினாள். குழுவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள், வீட்டில் வேறு யார் இருந்தார்கள், அம்மா எப்படி இருந்தார்கள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மகள் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மோதிரம் அரிசி டின்னுக்குள் இருந்தது. இந்த நோயில் பொருளை ஒளித்துவைத்துவிட்டு அடுத்தவர்மேல் சந்தேகப்படுவது சகஜம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோதிரம் கிடைத்த பிறகும் ஊர் வாய் மூடியிருக்காது.

பணவிஷயத்தில் ரொம்பக் கறார். ஏடிஎம் கார்டைத் தொடமாட்டார்கள், ஓடிபி கேட்கமாட்டார்கள், கடன் வாங்கவும் மாட்டார்கள் கொடுக்கவும் மாட்டார்கள், உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்தும் போடமாட்டார்கள். கரண்ட் பில்லை போனில் கட்டித் தா என்று அந்தப் பெண்ணிடம் போனை நீட்டினேன். "நீங்களே கட்டுங்க பாட்டி, நான் எந்த பட்டன்னு சொல்றேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற மூலை வீட்டுத் தாத்தாவுக்கு உயிரோடிருக்கும் சான்று வாங்க வேண்டியிருந்தபோதும், தாத்தாவின் தம்பி மகனை வரவழைத்து அவர் கையில்தான் காகிதத்தை ஒப்படைத்தார்கள். எல்லாம் சரி, கிறிஸ்மஸுக்கு நான் கொடுத்த சாதாரணப் பருத்திப் புடவையைக்கூடத் திருப்பிக் கொடுத்தது கொஞ்சம் அதிகப்படி. இப்பவும் எனக்கு வருத்தம்தான். காபி மட்டும் குடிப்பார்கள்.

மாத்திரை எடுத்துத் தருவது, குளிப்பாட்டுவது எதுவும் அவர்கள் வேலையில்லை. நான் விழுந்துவிட்டால் தூக்கி உட்காரவைக்க முயலாமல் 108ஐ அழைத்துவிட்டு, உன் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடக்கூடாது. எந்த வீட்டிலாவது பெரியவர் உடம்பில் காயம், அல்லது சோறு போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதை ஊரில் பேசாமல் சாமியாரிடம் சொல்வார்கள். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, அதை நம் ஃபிரிட்ஜ் மேலேயே ஒட்டிவைத்துவிட்டுப் போனார்கள். பெற்ற பிள்ளைகளே கொடுமை செய்கிற வீடுகளும் இருக்கிறதே, தம்பி. வெளியாளை மட்டும் சந்தேகப்படுகிறாய் நீ.

கேமரா வைக்கணும் என்றாயே, வை. ஹாலில் மட்டும். வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வை, திருட்டுத்தனமாக வேண்டாம். அன்பியத் தலைவியின் நம்பரை அக்காவிடம் கேட்டு வாங்கி ஒருமுறை நீயே பேசு, அவர்களும் உன்னோடு பேச விரும்புகிறார்கள். இந்தப் பெண்களுக்கு நேரடியாகப் பணம் எதுவும் அனுப்பிவைக்காதே, கொடுக்க ஆசையென்றால் கோயில் ஆபீஸில் ரசீது வாங்கிக்கொண்டு கொடு.

அப்புறம், செவ்வாய்க்கிழமை நாலிலிருந்து ஐந்துவரை கூப்பிடாதே. உங்கள் ஊரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்தானே, ஒழுங்காகச் சாப்பிடு. தாய ஆட்டத்தின் நடுவில் நான் எழுந்து போன் எடுக்கப் போனால், அந்தச் சின்னப் பெண் என் காயை நகர்த்திவிடுகிறாள்.

அன்புடன்,
அம்மா