மிக் வெல்டிங் இயந்திரத்துடன் தமிழில் ஒரு தாள் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெல்டிங் ரொட்டை விட்டுவிட்டு, கம்பிச் சுருள் போட்டு ஒட்டும் மிக் இயந்திரத்துக்கு எங்கள் பக்கத்துச் சிறு பட்டறைகள் பல மாறிவிட்டன. கேற், கிறில், படகு ஏற்றும் வண்டில் என்று வேலை விரைவாக முடிகிறது, நல்லதுதான். ஆனால் வாங்கிய இயந்திரம் சில மாதத்தில் இடக்குப் பண்ணியதும் கடையில் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “போர்ட் போய்விட்டது”, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை பழுதாம். கடன்பட்டு இயந்திரம் வாங்கிய பொடியன்கள் அதை நம்பிப் பாதி விலையைத் திரும்பவும் கொட்டுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. பாலையூற்றில் உள்ள என் பட்டறைக்குத் திருத்த வருபவற்றில் அதிகமானவற்றுக்குப் போர்டில் ஒரு குறையும் இல்லை. சுருளில் இருந்து, கம்பி வெளியே வரும் செம்பு முனையான டிப் வரை கம்பி போகும் வழியில்தான் கோளாறு.

அண்மையில் நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். கம்பி விட்டு விட்டு வருகிறது, நெருப்பு படபடவென்று அடித்து நின்றுவிடுகிறது என்றார். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு டிப்பைத் திருகி எடுத்தேன். வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. கம்பியை வெட்டிக் கையில் பிடித்து ஒட்டும் கன்னுக்குள் கம்பி ஓடும் குழாயான லைனரை இழுத்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டினேன். செம்புத்தூளும் துருவும் கலந்து ஒரு சிட்டிகை விழுந்தது. கடற்கரை ஓரப் பந்தலில் இரவு பகலாகச் சுருளை இயந்திரத்திலேயே விட்டிருக்கிறார். உப்புக்காற்றுக்கு மேல் சுற்றுக் கம்பி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? துருப்பிடித்த சுற்றுகளை வெட்டி எறிந்து, லைனரையும் டிப்பையும் மாற்றியதும் ஒட்டு ஒழுங்காக ஓடியது. டிப்பின் விலை சில நூறு ரூபாய். அந்தத் தம்பியிடம் புதுப் போர்டுக்கு முற்பணம் கேட்டிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். கரையோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான பராமரிப்பு வேறில்லை என்பேன்.

கம்பியைத் தள்ளும் உருளையான ரோலரில் கம்பி வழுக்கினால் உடனே அதை அழுத்தும் திருகை இறுக்குகிறார்கள். அதுவே அடுத்த கோளாறுக்கு வித்து. அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி நசுங்கி, தூள் உதிர்ந்து லைனரை அடைக்கும். முன்னால் அடைபட்டால் ரோலருக்குப் பக்கத்தில் கம்பி குருவிக்கூடு போலச் சுருண்டு நிற்கும். முதலில் ரோலரைக் கழற்றிப் பாருங்கள். பல ரோலர்களில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், 0.8 மில்லிமீற்றருக்கு ஒன்று, 1.0 மில்லிமீற்றருக்கு ஒன்று. 0.8 கம்பியை 1.0 பள்ளத்தில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். டிப்பும் கம்பியின் அளவுக்கே இருக்கவேண்டும்.

ஒட்டில் புற்றுப் போலத் துளை விழுவது எங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் காலத்து நோய். ஒட்டைக் காக்கக் கன்னில் இருந்து வரும் வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக வாயுவை இன்னும் திறந்துவிடுவது சரியல்ல. நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் சாதாரண வேலைக்குப் போதும். மிதமிஞ்சித் திறந்தால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், துளை கூடுமே தவிரக் குறையாது. இரண்டு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். வாயு வெளிவரும் நோசிலுக்குள் சிதறி ஒட்டிய உலோகப் பொரியைச் சுரண்டுங்கள். கம்பியில் துரு இருந்தாலும், இரும்பில் பெயின்ற் இருந்தாலும் துளை விழும்.

ஒட்டும் இரும்பில் மாட்டும் எர்த் பிடியைத் துருவின் மேலோ பெயின்ற் மேலோ மாட்டாதீர்கள், தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்தபின் மாட்டுங்கள். மெல்லிய வயரை நீட்டி நீட்டி மின்சாரம் எடுத்தால் இயந்திரத்துக்கு 230 வோல்ற் போய்ச் சேராது, அதையும் போர்ட் பழுது என்று எண்ணுகிறார்கள்.

இணைப்பு முனை மாறுவதையும் சொல்லவேண்டும். வாயுவோடு சாதாரணக் கம்பி ஓட்டும்போது கன் நேர்முனையில் இருக்கவேண்டும். வாயு தேவைப்படாத, உள்ளே மருந்து நிரப்பிய கம்பிக்குப் பெரும்பாலும் கன் மறைமுனையில். கம்பியை மாற்றுகிறவர்கள் முனையை மாற்றுவதில்லை. பொரி பறக்கிறது, ஒட்டுப் பிடிக்கவில்லை என்று இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் வந்த இயந்திரங்களோடு இருந்த கையேடுகள் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான் இருந்தன. தமிழில் ஒரு வரி இல்லை.

இறக்குமதி செய்கிறவர்கள் பெரிய நூல் ஒன்றும் அச்சிட வேண்டாம். ரோலர், லைனர், டிப், வாயு, எர்த், முனை ஆகியவற்றைப் படத்துடன் விளக்கும் ஒற்றைத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டிக்குள் வைத்தால் போதும். வெல்டிங் பயிற்சி தரும் நிலையங்கள் ஒட்டுவதோடு நிறுத்தாமல் லைனர் மாற்றவும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பழக்கவேண்டும். இயந்திரம் விற்கும் கடைகள் அதற்குரிய டிப்பையும் லைனரையும் இங்கேயே இருப்பில் வைத்திருக்கவேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமானுக்காகக் கொழும்புப் பஸ்ஸை எதிர்பார்த்து வேலையை நிறுத்திவைப்பது பட்டறைக்காரருக்குப் பெரிய நட்டம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்குமுன் இந்த இரண்டு சாமானும் கடையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.