காலியாக இருக்கும் அடுக்கு

அன்புள்ள பாப்பா,

நாலு மாதமாகச் சுண்டெலி விழித்திரையில் காவலும் துப்புரவும் பார்க்கும் மைக்ரோகிளியா செல்களை எண்ணுவதைத் தவிர வேறு வேலையே இல்லை, இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நேற்று போனில் கேட்டாய். சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கால்நடைக் கல்லூரி லேபில் இருபது வருஷம் ஸ்லைடு போட்டவள் நான். ஒன்றாம் வகுப்பில் உன் டீச்சரிடம் "எங்கம்மா கரி அள்ளுறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாயே, அது ஸ்லைடுக்குச் சாயமேற்றும் சில்வர் நைட்ரேட் என் விரலில் விட்ட கறை. ஸ்பெயினில் ரியோ ஓர்டேகா 1919-இல் மைக்ரோகிளியாவைத் தனி வகை செல் என்று பிரித்துக் காட்டியதும் வெள்ளிச் சாயத்தில்தான். அவர் விரலும் கறுத்துத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் உன் வேலை. விழித்திரை கால் மில்லிமீட்டர் கனம்தான், அதற்குள்ளேயும் இவை கண்ட இடத்தில் இருப்பதில்லை. நோயில்லாத எலியில் பெரும்பாலும் இரண்டு பின்னல் அடுக்குகளில், அதாவது நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி கைமாற்றும் இடத்தில் இருக்கும், கொஞ்சம் மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்லியான் செல்கள் பக்கம். ஒளியை உணரும் ராடு, கோன் செல்களின் உட்கருக்கள் நெருக்கியடித்திருக்கும் அடுக்கில் ஒன்றும் இருக்காது. அங்கே சைபர் சைபர் என்று எழுதியே கை வலிக்கிறது என்றாயே, அந்தச் சைபரை அலட்சியமாக எழுதாதே. பரம்பரைக் கோளாறில் ராடு சாகிற எலியில் இவை அந்த அடுக்குக்குள் ஏறி, செத்ததை மட்டுமில்லை, உயிரோடு இருக்கிற ராடையும் விழுங்குகின்றன. வயதான எலியில் விழித்திரைக்குப் பின்னால், நிறமி அடுக்கை ஒட்டிப் போய்ச் சேர்கின்றன. இளம் எலியில் சைபர் என்று நீ உறுதியாகச் சொன்னால்தானே, அங்கே பத்து செல் தெரியும்போது ஏதோ நடந்திருக்கிறது என்று ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்?

இரண்டு பின்னல் அடுக்கையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டுவிடாதே. 2019-இல் வந்த ஆய்வு உன் மேஜையிலேயே இருக்கும்: மைக்ரோகிளியாவை வாழவைக்கும் ஐஎல்-34 என்ற புரதம் இல்லாத எலியில் உள் பின்னல் அடுக்கில் இருப்பவை வெகுவாகக் குறைந்துவிட்டன, வெளி அடுக்கில் இருப்பவை தாக்குப்பிடித்தன. பார்க்க ஒரே மாதிரி, சாப்பாடு மட்டும் வேறு வேறு வீட்டில்.

குறுக்கு வெட்டை மட்டும் நம்பாதே. அதில் கிளைகள் அறுந்து துண்டு துண்டாகக் கிடக்கும், ஒரு செல்லா மூன்றா என்று உனக்கே சந்தேகம் வரும். விழித்திரையை முழுசாக எடுத்து நாலு பக்கம் கீறிப் பூ மாதிரி விரித்தால்தான் நடவு போட்ட வயல் போல இடைவெளி விட்டு நிற்பது தெரியும், ஒன்றின் எல்லைக்குள் மற்றது அவ்வளவாகப் போகாது. (அசையாமல் கிடக்கும் என்றுதான் எங்களுக்குப் பாடம். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையில் பார்த்தால், செல் இடம் மாறாமல் கிளைகளை மட்டும் ஓயாமல் நீட்டித் துழாவிக்கொண்டிருக்கிறது.) ரத்தக்குழாயை ஒட்டிப் படுத்திருப்பதை மைக்ரோகிளியா கணக்கில் சேர்க்குமுன் யோசி, குழாயோரத்து மேக்ரோஃபேஜும் (அதுவும் விழுங்கும் செல்தான், ஆனால் வேறு வகை) அதே சாயத்தை எடுக்கும்.

ஒரு தடவை ஆட்டுக் கண்ணை விரித்து எண்ணி, ஓரத்தில் செல்கள் இரண்டு மடங்கு என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் சார் ஒன்றும் பேசாமல் பிரஷ்ஷை எடுத்து, மடிந்திருந்த ஓரத்தை நீவிவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் டீ குடிக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன். நல்லதாக ஒரு ஸ்லைடு படம் அனுப்பு, அப்பாவிடம் காட்ட வேண்டும். அவர் இன்னும் பக்கத்து வீட்டில் நீ கண் டாக்டருக்குப் படிப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா