மீத்திறன் மாணவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு வகுப்பறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களின் படங்களை மாவட்டச் செய்திப் பக்கத்தில் தாங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறீர்கள். தலைமையாசிரியருக்கு அருகே சால்வையோடு கூச்சப்பட்டு நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. செட்டிநாட்டுக் கிராமத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். படம் வெளிவந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் என்ன கிடைக்கிறது என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. எட்டாம் வகுப்பில் மனத்திறனுக்கு 90, பாடங்களுக்கு 90 என்று 180 கேள்விகளுக்கு விடை எழுதி வென்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 100 பேருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் மாநிலம் முழுவதும் 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். இந்தப் பணத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். புதுவயல் அரிசி ஆலையில் கூலிக்குப் போகும் தாய்க்கு அந்த ஆயிரம் ரூபாய், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருக்க ஒரு காரணம். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாத் திட்டங்களும் தேர்வு, பட்டியல், பணம் என்ற அளவிலேயே முடிந்துவிடுகின்றன. திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், பிறகு அந்தத் திறமைக்கு வேலையே கொடுப்பதில்லை.

வகுப்பறையில் நடப்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி, தனிக் கையேடு, தனிப் பதிவேடு எல்லாம் உண்டு. இருக்கத்தான் வேண்டும், கொரோனாவுக்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகளைக் கைவிட்டிருந்தால் அது பெரும்பாவம். மற்றவர்களைவிட வேகமாகக் கற்கும் பிள்ளையைக் குறிக்க மீத்திறன் மாணவர் என்ற சொல்லும் நம் பதிவேடுகளில் இருக்கிறது. அந்த மாணவருக்கு நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? வகுப்புத் தலைவர் ஆக்குகிறோம். பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறோம். மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்தச் சொல்கிறோம். ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையிடம், "அதே பயிற்சியை இன்னொரு முறை போடு" என்கிறோம். நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளியில், தானாகத் தேறிவிடும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றி முடித்து நிமிரவே அவர்களுக்கு மாலையாகிவிடுகிறது.

ஒரே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் தந்தை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அச்சிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, கலவை போட்டு மூடும் வேலை. நம் வீட்டு முகப்புகளில் நான்கு கல் சேர்ந்தால் ஒரு முழுப்பூ வரும். ஒரு கல்லில் இருப்பது கால் பூ மட்டும்தான். எட்டாம் வகுப்பில் அவள் என்னிடம் கேட்டாள்: நான்கு கற்களையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம் என்றால் எத்தனை விதமாகப் பதிக்கலாம்? ஒரு கல்லை நான்கு விதமாகத் திருப்பலாம், ஆகவே நான்கை நான்கு முறை பெருக்கினால் 256 என்று அவளே விடையும் சொன்னாள். பாடப்புத்தகக் கணக்கு அதோடு முடிந்துவிடும். அவள் முடிக்கவில்லை. "டீச்சர், நான் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் இதுவும் அதுவும் ஒன்றுதானே? அப்படியென்றால் 256 சரியா?" என்றாள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வியா இது! பட்ட வகுப்புக் கணக்கில் குலக் கோட்பாடு (குரூப் தியரி) படிக்கும்போது வரும் கேள்வி. அட்டையில் நான்கு துண்டுகளை வெட்டி, திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பலகையைக் கால் வட்டம் சுற்றினாலும் மாறாத அமைப்புகள் 4, அரை வட்டம் சுற்றினால் மாறாதவை 16, முக்கால் வட்டத்துக்கும் 4 என்று பிரித்துக்கொண்டு, மதிய உணவு இடைவேளைகளில் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, இவற்றை 256-உடன் கூட்டி நான்கால் வகுத்து, கடைசியில் 70 என்று வந்து சேர்ந்தாள். சரியான விடை அதுதான். அந்த ஆண்டு என்.எம்.எம்.எஸ். தேர்விலும் வென்றாள். ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளி. அங்கே இப்படிக் கேட்டபோது, "பாடத்தில் இல்லாததைக் கேட்டு வகுப்பு நேரத்தை வீணாக்காதே" என்ற பதில் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினாள். கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஐயா, இதை இழப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. ஆனால் இழப்பு இதுதான்.

சிலரை மட்டும் பிரித்தெடுத்துச் சலுகை கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், நானும் அதை யோசித்துப் பார்த்தேன். காரைக்குடியில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அபாகஸ், ரோபாட்டிக்ஸ், ஒலிம்பியாட் பயிற்சி என்று எல்லாமே கிடைக்கின்றன. கணித ஒலிம்பியாடுக்கு எட்டாம் வகுப்பு மாணவரும் எழுதலாம் என்பதே கிராமத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. பிரிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, அதுவும் பணத்தை வைத்து. அரசுப் பள்ளியில் ஒன்றும் செய்யாமல் இருப்பது அந்தப் பிரிப்புக்குத் துணைபோவதாகத்தான் முடியும்.

திறமையான பிள்ளைகளுக்கென்று அரசு மாதிரிப் பள்ளிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வரவேற்கிறேன். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பள்ளி, அதுவும் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வயதுவந்த பெண்ணை விடுதிக்கு அனுப்ப எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றம் நடக்கிறது. பள்ளிக்கே வரும் இந்த நடமாடும் அறிவியல் ஆய்வகம் நல்ல முயற்சி. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்காரத் துடிக்கிற பிள்ளைக்கு வேறு இடம் வேண்டும்.

அந்த இடத்தைச் செட்டிநாட்டில் தேட வேண்டியதே இல்லை. கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. சென்னையில் ராமானுஜனின் பெயரில் கணித ஆய்வு நிறுவனம் எழுந்ததும் அதே வள்ளலின் கொடையால்தான். கணக்கில் ஊறிய மூளைக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த மனிதரின் ஊர் இது. இன்று ஆய்வகமும் இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆய்வகத்தின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவப்பட்ட செப்டம்பர் 26-ஐ ஒட்டி ஆய்வகத்தைப் பார்க்க மாணவர்களை அனுமதிக்கும் நாளில் நம் பிள்ளைகள் வரிசையில் நடந்து, வியந்து, பஸ் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். விஞ்ஞானிகளையும் பள்ளி மாணவர்களையும் இணைக்க 2017-ல் தொடங்கிய ஜிக்ஞாசா திட்டத்தின் கீழ், சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டு முழுவதும் தொடர்ந்து வரவழைக்க முடியாதா?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒன்றியத்துக்கு ஓர் இடத்தில், வட்டார வளமையத்திலோ ஒரு மேல்நிலைப் பள்ளியிலோ, சனிக்கிழமை முற்பகல் மட்டும் ஒரு வகுப்பு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்க வேண்டாம்; வகுப்பாசிரியர் "இந்தப் பிள்ளை கேள்வி கேட்டு என்னைத் திணற வைக்கிறது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். சேர்ந்து பார்த்துப் பிடிக்காத பிள்ளை விலகிக்கொள்ளட்டும், விரும்பி வரும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அங்கே நீட் பேச்சு வேண்டாம், மாதிரி வினாத்தாள் வேண்டாம், தரவரிசை அறவே வேண்டாம். கணக்கு ஒரு வாரம், கண்மாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது ஒரு வாரம், கம்பனில் நாலு பாட்டு ஒரு வாரம். 1939-லிருந்து கம்பன் விழா எடுத்துவரும் ஊரில் பாட்டுச் சொல்லித்தர ஆளுக்கா பஞ்சம்?

செலவு என்று பார்த்தால் மதியச் சாப்பாடும் பஸ் கட்டணமும்தான். பெண் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பையன்களுக்கு இலவசப் பயண அட்டை விடுமுறைச் சனிக்கிழமையிலும் செல்லும் என்று ஓர் உத்தரவு வேண்டும். சாப்பாட்டுக்கு அரசிடம் போகவே வேண்டியதில்லை. ஊர் ஊராகக் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் நகரத்தார் பெருமக்களிடம் முறையாகக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சாக்கோட்டை ஒன்றியத்தில் மட்டுமாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று தங்கள் இதழின் வழியாக வேண்டுகிறேன். ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் கொடுத்தால், கணக்குப் பகுதியைப் பார்த்துக்கொள்ள என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் சம்பளம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
காரைக்குடி.