சிறைவாசிகளுக்குக் குடும்பத்தார் அனுப்பும் பணம் குறித்துக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒரு விசாரணைச் சிறைவாசியின் அக்கா
(பெயர், முகவரி, தம்பியின் கைதி எண், சிறையின் பெயர் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: சிறைவாசியின் கணக்கில் பணம் செலுத்த எளிய வழியும், பணம் சேர்ந்த தகவலும் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு சின்ன டிபன் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, தோசை, சாயங்காலம் போண்டா. என் தம்பி ஏழு மாதமாக விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். வழக்கைப் பற்றி இதில் நான் ஒன்றும் கேட்கவில்லை, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது மாதம் ஆயிரம் ரூபாயைப் பற்றி.

சிறைவாசலில் 'மனு' என்றால் உள்ளே இருப்பவரைப் போய்ப் பார்ப்பது. அந்த மனு எத்தனையோ போட்டாயிற்று. இந்த மாதிரி மனு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தண்டனைக் கைதிகளுக்கு உள்ளே வேலையும் கூலியும் உண்டு. என் தம்பிக்கு இரண்டும் இல்லை. கைதியின் பெயரில் சிறையில் வைத்திருக்கும் பணக் கணக்கை பி.சி.பி. கணக்கு என்று அங்கே சொல்கிறார்களே, அதில் நாங்கள் போடுகிற பணம்தான் அவனுக்கு. சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய், எப்போதாவது ஒரு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கேன்டீனில் அந்தப் பணத்தில்தான். அதற்காகத் தபால் நிலையத்தில் மணியார்டர் போடுகிறேன். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் என்ற கணக்கில் ஆயிரத்துக்கு 50 ரூபாய் ஆகிறது. என் கடையில் அது ஐந்து இட்லி. போனால் போகிறது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பணம் அவன் பெயரில் ஏறியதா என்பதுதான் தெரிவதில்லை.

எங்கள் அப்பா திருப்பூரில் வேலை பார்த்தபோது ஊருக்கு மணியார்டர் அனுப்புவார். அம்மா கைநாட்டு வைத்த சீட்டு அவருக்குத் திரும்பிப் போகும். அடுத்த சீட்டு வரும்வரை அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பாராம். நான் அனுப்பிய எதற்கும் எனக்கு அப்படி ஒரு சீட்டு வந்ததில்லை.

ஜூன் மாதம் அனுப்பிவிட்டுப் பதினைந்து நாள் கழித்து மனு பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ரிசீவரில் ஒரே இரைச்சல். அவன் ஏதோ கேட்கிறான், எனக்குப் புரியவில்லை. கடைசியில் உள்ளங்கையை முகத்தில் தேய்த்துக் காட்டினான். சோப்பு. பணம் வரவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் கடனாக வாங்கித்தான் குளிக்கிறான். "என் மேல கோவமாக்கா?" என்று அவன் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் பணமே அனுப்பவில்லை என்று நினைத்திருக்கிறான். கையில் இருந்த ரசீதைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பணம் பிறகு கணக்கில் ஏறியது. அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்ததால் தாமதம் என்றார்கள். சரி, நானும் கைதி எண்ணைத் தெளிவாக எழுதவில்லை. அது என் தப்புதான்.

ஆகஸ்டில் நடந்தது அப்படியில்லை. அவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய முகவரிக்கு அனுப்பிய மணியார்டர் 23 நாள் கழித்துத் திரும்பி வந்தது. காலைக் கூட்டத்தில், கல்லில் தோசை கிடக்கும்போது, தபால்காரர் வாசலில் நின்று "ஜெயிலுக்குப் போட்ட பணம் திரும்பிடுச்சும்மா" என்றார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கடை வைத்திருக்கும் இடத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. தம்பி எங்கே இருக்கிறான் என்பதே அடுத்த வாய்தாவுக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சிறைக்கு வெளியே டீக்கடையில் ஒருவர், ஆயிரத்துக்கு இருநூறு எடுத்துக்கொண்டு மறுநாளே உள்ளே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண் கொடுத்தார். நேர்வழி 15 நாளும் அந்த வழி ஒரே நாளும் என்றால், பிள்ளையை உள்ளே விட்டு நிற்பவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை ஐயா.

இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். தண்டனை பெறாத கைதி தனக்கு வேண்டிய உணவு, உடை, மற்ற அவசியப் பொருட்களைத் தன் செலவில் வாங்கிக்கொள்ள, விதிகளுக்கு உட்பட்டு, அனுமதிக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், பிரிவு 31 சொல்கிறதாம். கைதிக்கென்று முறைப்படி அனுப்பப்படும் பணம் ஜெயிலரின் பொறுப்பில் வைக்கப்பட வேண்டும் என்பது பிரிவு 25. அப்படிப் பொறுப்பில் வந்த பணத்துக்கு ஒரு தகவல் கேட்பது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

கைதியைப் பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. என் கடையில் பத்து ரூபாய் டீக்குக்கூட ஸ்கேன் செய்கிறார்கள். அதேபோல் கைதி எண்ணைக் குறிப்பிட்டு, சிறையின் அலுவலகக் கணக்கிலேயே யுபிஐ மூலம் பணம் செலுத்த வழி செய்ய வேண்டும். மனு பார்க்க வரும் நாளில் வாசல் கவுன்டரில் கட்டி ரசீது வாங்கவும் முடிய வேண்டும். எந்த வழியில் கட்டினாலும், பணம் கணக்கில் ஏறிய அன்று கட்டியவரின் கைபேசிக்கு ஒரு வரி குறுஞ்செய்தி போதும். மாத வரம்பு என்ன வைத்தாலும் சரி, அதைக் கூட்டச் சொல்லவில்லை. மணியார்டரையும் நிறுத்திவிட வேண்டாம். என் அம்மாவைப் போல் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பழகிய வழி.

இதைவிட அவசரமானது இடமாற்றம். ஆளை மாற்றினால் அவன் கணக்கில் உள்ள பணமும், பின்னால் வரும் மணியார்டரும் அவனோடு புதிய சிறைக்குப் போக வேண்டும். மாற்றிய தகவலைக் குடும்பத்துக்கு அன்றே சொல்ல வேண்டும். அவனை உள்ளே எடுக்கும்போதே என் நம்பரை வாங்கி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் மாதத்துப் பணத்தைப் புதிய சிறைக்கு அனுப்பி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ரசீது நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அது அவன் கணக்கில் ஏறிவிட்டதா என்று மட்டும் முதலில் விசாரித்துச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மணியார்டர் ரசீது நகல்கள் 6, என் ஆதார் நகல், விவரங்கள் அடங்கிய தனித்தாள்.