பிள்ளைகளைக் குறை சொல்லும் முன்

ஆசிரியருக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு தடவை தண்டையார்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தன் சம்பளத்தில் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் அம்மாவின் வளையலுக்கு அடகுக்கடை வட்டியையும் கட்டிவிட்டு, "வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளை வந்தால் சரி" என்கிறாள். இதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்விலேயே வந்துவிட்டது, ஆக இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை.

அப்புறம், இவர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்கிற குறை. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது வாளியும் கையுமாக அள்ளியவர்களில் மீனவ இளைஞர்களும் இருந்தார்கள். கட்சிக் கொடி பிடித்தால்தான் அரசியலா? குழந்தை பெறவில்லை என்று குறை சொல்லும் முன், வேலைக்குப் போகும் பெண்களுக்காக வார்டுக்கு ஒரு குழந்தைக் காப்பகத்தை மாநகராட்சி முதலில் திறக்கட்டும்.

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை